வெங்கடாசலம் சார் தங்கிய மூன்று நாள்

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வெங்கடாசலம் சார் குடும்பம் செவ்வாய்க்கிழமை காலை வரை கிளம்பவில்லை. பனியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பனி வரப்போகிறது என்று டிவியில் இரண்டு நாளாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலமே அவர் மனைவி நாகமணி, மகளுக்குக் கோட்டை மாட்டிவிட்டு, "கிளம்பிடலாமாங்க? ராத்திரி ஆரம்பிச்சுடும்னு சொல்றான்" என்று மூன்று தடவை கேட்டாள்.

சார் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார். "இவனுங்களுக்கு ரெண்டு இன்ச் விழுந்தா உலகமே அழிஞ்சிடும். அமெரிக்காவுல எனக்குப் பதினாலு வருஷ எக்ஸ்பீரியன்ஸ். நஞ்சுண்டா, நீ கார்டைப் போடு."

நஞ்சுண்டன் போட்டான். அவனால் வேறென்ன செய்ய முடியும்? மருந்துக் கம்பெனி லேபில் சார்தான் அவனுக்கு மேனேஜர். கிரீன் கார்டு ஃபைல் அவர் கையெழுத்துக்காக எட்டு மாதமாகக் காத்திருந்தது. அதனால்தான் அவர் "ஒரு நாள் உன் வைஃப் கையால கோழிக் குழம்பு சாப்பிடணும்பா" என்று சொன்னதும் நஞ்சுண்டன் நம்மூர்க் கடைகள் இருக்கும் எடிசன் வரை போய்க் கோழி வாங்கி வந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நஞ்சுண்டன் மனைவி வசந்தாமணி ஜன்னல் திரையை விலக்கியபோது பார்க்கிங் லாட்டைக் காணவில்லை. கார்கள் இருந்த இடத்தில் வெள்ளை மேடுகள். சார் ஓட்டி வந்த பெரிய வேன் மட்டும் கொஞ்சம் உயரமான மேடு. காற்று பனியை மேலிருந்து கீழே போடாமல் பக்கவாட்டில் வீசி அடித்தது. மத்தியானம் கவர்னர் எமர்ஜென்சி அறிவித்தார். அவசர வேலை இல்லாத யாரும் வண்டியை எடுக்கக் கூடாது.

"பார்த்தியா, என்னை உன் வீட்டை விட்டு அனுப்ப அந்த ஆளுக்கே மனசில்ல" என்று சார் சிரித்தார். நஞ்சுண்டனும் சிரித்தான்.

பிளெய்ன்ஸ்பரோவில் நஞ்சுண்டன் குடியிருந்தது ஒரே ஒரு பெட்ரூம் உள்ள அபார்ட்மென்ட். பெட்ரூம் சாருக்குப் போயிற்று. நாகமணியும் நாலு வயது சண்முகப்ரியாவும் அதே அறையில் கட்டிலுக்குக் கீழே, கம்பளியை விரித்துப் படுத்தார்கள். சாருக்கு முதுகு வலியாம், கட்டிலில் இடிபட்டுக்கொண்டு படுக்க முடியாதாம். வசந்தாமணியும் நஞ்சுண்டனும் ஹாலில்.

ஈரோட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆறு வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள் வசந்தாமணி. லேபில் எத்தனையோ நாற்றங்களைச் சகித்திருக்கிறாள். அழுகிய முட்டை நாற்றத்துக்கு நடுவில் நின்று டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் இந்த மூன்று நாளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இருந்தது ஒரே பாத்ரூம். சார் காலையில் உள்ளே போனால் முக்கால் மணி நேரம். அவர் வந்த பிறகு போய்ப் பார்த்தால் வாஷ்பேசின் முழுக்க மீசை வெட்டிய துணுக்குகள். சோப்பில் ஒட்டிய முடி. டாய்லெட் விளிம்பில் மஞ்சள் துளிகள். தரையில் கிடந்த ஈர டவல் அவருடையது அல்ல, வசந்தாமணியுடையது. அதில் அவர் எதைத் துடைத்தாரோ. டவலை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

ஹாலில் சோபாவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டினார். ஒரு துண்டு கார்ப்பெட்டில் தெறித்ததை அவள் பார்த்தாள், அவரும் பார்த்தார், எடுக்கவில்லை. ஈர சாக்ஸை ஹீட்டர் மேல் காயப்போட்டார். சூடு ஏற ஏற வீடு முழுக்க அந்த வாடை. ஜன்னலைத் திறக்க முடியாது, திறந்தால் பனி. சிகரெட்டுக்காகப் பால்கனிக் கதவை இரண்டங்குலம் திறந்து வைத்துக்கொண்டு வாயை உள்பக்கம் திருப்பிப் புகை விட்டார். காபி குடித்த டம்ளரிலேயே அணைத்தார். அடியில் ஒட்டியிருந்த காபியில் சாம்பல் ஊறிக் கறுப்புக் கூழாகக் கிடந்த அந்த டம்ளரை நாகமணிதான் வந்து எடுத்துப் போவாள். எடுக்கும்போது வசந்தாமணியின் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

"அக்கா, நீங்க வைங்க. நான் கழுவிக்கறேன்."

"பரவால்ல வசந்தா. எனக்குப் பழக்கம்."

திங்கட்கிழமை பால் தீர்ந்துகொண்டிருந்தது. கடைசியாக ஒரே ஒரு டம்ளர் அளவு மிச்சம். ப்ரியாவுக்கு என்று கேனை ஃபிரிட்ஜின் உள்பக்கம் தள்ளி வைத்திருந்தாள் வசந்தாமணி. நாலு மணிக்கு சார் சமையலறை வாசலில் வந்து நின்று வயிற்றைத் தடவிக்கொண்டே, "நம்ம வசந்தா கை காபி இன்னொண்ணு கிடைக்குமா?" என்றார்.

"பால் பாப்பாவுக்கு வச்சிருக்கற கடைசி டம்ளர்தான் சார் இருக்கு. பிளாக் காபி போட்டுத் தரட்டுமா?"

"சேச்சே, கஷாயம் மாதிரி இருக்கும். குழந்தைக்கு ஜூஸ் குடு. இந்தக் குளிர்ல பால் குடிச்சா சளிதான் பிடிக்கும்."

அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த நஞ்சுண்டன் கண்ணால் கெஞ்சினான். போட்டுக் கொடுத்துவிடு. வசந்தாமணி கேனைச் சாய்த்து மொத்தத்தையும் பாத்திரத்தில் ஊற்றினாள். பால் பொங்கி வரும்போது அவளுக்கு அவர் மேல் இருந்த அருவருப்பு பாதி தன்மேல் திரும்பியது. ஒரு குழந்தையின் பாலை எடுத்து இந்த ஆளுக்குக் காபி போடுகிறோமே, நாம் என்ன ஜென்மம்?

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. பளீரென்று கண்ணைக் கூச வைத்த, சூடே இல்லாத வெயில். பெரிய ரோடுகளைத் திறந்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். சார் கிளம்புவதாக முடிவெடுத்தார். பிரிட்ஜ்வாட்டரில் தன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருக்குமோ என்று அவருக்கு அன்றைக்குத்தான் கவலை வந்தது.

பார்க்கிங் லாட்டில் முழங்காலுக்கு மேல் பனி. அதோடு காலையில் பனி தள்ளும் லாரி வந்து நடுவழியை மட்டும் திறந்து, தள்ளிய பனியை எல்லாம் கார்களின் பின்புறம் சுவராகக் குவித்துவிட்டுப் போயிருந்தது. வேனின் பின்பக்கக் கண்ணாடி வரை அந்தச் சுவர் இறுகிக் கிடந்தது. வீட்டில் பனி அள்ள இருந்தது ஒரே ஒரு ஷவல். அதை நஞ்சுண்டன் எடுத்துக்கொண்டான். வசந்தாமணி குப்பை வாரும் முறத்தையும் நாகமணி கேக் செய்யும் தட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

சார் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு உத்தரவு போட்டார். "முதல்ல டிரைவர் டோரைத் திற நஞ்சுண்டா. உள்ள போய் ஹீட்டர் போட்டா கண்ணாடி தானா உருகிடும்."

பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. சார் உள்ளே ஏறினார். "குழந்தைக்குக் குளிருது பாரு, இங்க குடு" என்று ப்ரியாவையும் வாங்கிப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். எஞ்சின் உறுமியது. ரேடியோ பாடியது. மூன்று பேரும் முன்சக்கரத்திலிருந்து தோண்ட ஆரம்பித்தார்கள்.

மேலே இருக்கும் பனி பஞ்சு மாதிரி வந்தது. கீழே உப்புக்கட்டி. முறத்தின் விளிம்பு உடைந்தது. நாகமணியின் கையுறை நனைந்து விரல்கள் சிவந்துவிட்டன. ஒரு தடவை வசந்தாமணி நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சார் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

"கூரை மேல இருக்கற பனியையும் தள்ளிடலாமாங்க சார்?" என்று நஞ்சுண்டன் கண்ணாடியைத் தட்டிக் கேட்டான்.

அவர் கண்ணைத் திறக்காமல் கையை ஆட்டினார். வேண்டாம், ஓடும்போது பறந்துவிடும்.

இருபது நிமிஷமோ இருபத்தைந்து நிமிஷமோ கழித்து வசந்தாமணி வேனின் பின்பக்கம் போனாள். நாலு கார் தள்ளி ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் காரை ஓடவிட்டு, பின்புறப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தக் கார் சைலன்சரிலிருந்து குளிரில் வெள்ளை வெள்ளையாகப் புகை வந்தது. வசந்தாமணி அதைப் பார்த்தாள். அப்புறம் தன் முன்னால் இருந்த பனிச் சுவரைப் பார்த்தாள். இங்கே ஒரு பொட்டுப் புகை இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருகிறமாதிரி அமுங்கி வந்தது.

புகை வெளியே வரவில்லை என்றால் எங்கே போகிறது?

முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓட முடியவில்லை, பனியில் விழுந்து எழுந்தாள். டிரைவர் கதவு பூட்டியிருந்தது. இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள். "சார்! கதவைத் திறங்க! சார்!" அவர் தலை மெதுவாகத் திரும்பியது. வாய் கோணிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். அவர் கை பூட்டைத் தேடித் தேடி ஒரு வழியாகத் திறந்தது. உள்ளே இருந்து வெதுவெதுப்பான காற்றும் புகை நாற்றமும் முகத்தில் அடித்தன. அவர் தொடைகளின் குறுக்கே விழுந்து முதலில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். அப்புறம் ப்ரியாவைக் கோட்டோடு பிடித்து இழுத்தாள்.

குழந்தை துணி மூட்டை மாதிரி வந்தது. கழுத்து நிற்கவில்லை.

"ப்ரியா! ப்ரியாம்மா!" நாகமணியின் குரல் லாட் முழுக்கக் கேட்டது. வசந்தாமணி குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக் கன்னத்தில் தட்டினாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. ப்ரியா கண்ணைத் திறந்தாள். "மை ஹெட் ஹர்ட்ஸ்" என்றாள். அடுத்த நொடி வசந்தாமணியின் மார்பு முழுக்க வாந்தி எடுத்தாள். சூடாகக் கழுத்து வழியே உள்ளே இறங்கியது. மூன்று நாளாக எதைத் தொட்டாலும் குமட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது துளிகூட அருவருப்பாக இல்லை.

"ஏம்மா, கண்ணாடியை அப்படியா அடிக்கிறது? உடைஞ்சிருந்தா?" சார் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினார்.

"சைலன்சர் மூடியிருக்கு சார். கார்பன் மோனாக்சைடு. பாப்பாவை உடனே ஹாஸ்பிட்டல் கொண்டுபோகணும். உங்களையும்தான்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். ஃபிரெஷ் ஏர் போதும். லேசா தலைவலி, அவ்வளவுதான்."

"ரத்தத்துல கலந்திருக்கும் சார். ஆக்சிஜன் வைக்கணும்."

"நீ எனக்கு கெமிஸ்ட்ரி சொல்லித்தர்றியா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஹாஸ்பிட்டல் போனா என்ன ஆகும் தெரியுமா? சைல்டு நெக்லெக்ட்னு ரிப்போர்ட் எழுதுவான். வீட்டுக்கு ஆள் வரும். என் பேர் என்ன ஆகறது?"

வசந்தாமணி புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, பின்பக்கத்தைத் தோண்டுங்க. நீங்க வண்டியை எடுங்க, போலாம்." நேற்று எதிர் பில்டிங்குக்கு வந்த ஆம்புலன்ஸ் லாட் வாசலிலேயே மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றதை எல்லோரும் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தார்கள்.

நஞ்சுண்டன் ஷவலைப் பிடித்தபடி நின்றான். அவன் பார்வை குழந்தை மேல் போய், சார் மேல் போய் அங்கேயே நின்றது. "சார் வேணாங்கறாரே, வசந்தா. கொஞ்ச நேரம் பார்க்கலாமே."

ப்ரியா மறுபடி வாந்தி எடுத்தாள். நாகமணி அவன் கையிலிருந்த ஷவலைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பனியை வெட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் நஞ்சுண்டன் அசைந்தான், உடைந்த முறத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். வசந்தாமணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேனின் எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்தாள். சார் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

சைலன்சர் வெளியே தெரிந்தும் நஞ்சுண்டன் டிரைவர் சீட்டில் ஏறாமல் சாரையே பார்த்தான். நாகமணி மூச்சிரைக்கச் சொன்னாள். "நீ ஓட்டு வசந்தா. எனக்கு லைசென்ஸ் இல்ல. இருந்தா நானே ஓட்டுவேன்."

வசந்தாமணி லைசென்ஸ் வாங்கி நாலு மாதம். பனியில் ஓட்டியதே இல்லை. இவ்வளவு பெரிய வண்டியைத் தொட்டதுகூட இல்லை. ஏறி உட்கார்ந்து ஜன்னல்களை இறக்கிவிட்டாள். நாகமணி குழந்தையோடு பின்சீட்டில் ஏறினாள். நஞ்சுண்டனும் பின்சீட்டிலேயே அவர்களுக்குப் பக்கத்தில். சாரும் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். "என் வண்டி, நான் இல்லாம எப்படிப் போகும்?"

லாட்டை விட்டு வெளியே வருவதற்குள் பின்சக்கரம் இரண்டு முறை சுழன்றது. ரோட்டில் ஒரு லேன்தான் திறந்திருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி. ஸ்டாப் போர்டுகளின் தலை மட்டும் தெரிந்தது. குறுக்கு ரோட்டில் யார் வருகிறார்கள் என்று மூக்கை நீட்டினால்தான் தெரியும். கைகாட்டி மரம் மாதிரி கையை நீட்டிக்கொண்டு சார் பேசிக்கொண்டே வந்தார். "லெஃப்ட்ல போ. பிரேக்கை மிதிக்காத. ஏன் இப்படி ஊர்ற? ஜன்னலை மூடு, குளிருது."

"மூட மாட்டேன் சார்."

ரூட் ஒன் ஹைவேயில் ஏறியதும், பனி கரைய ரோட்டில் உப்புத் தூவும் லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் பிரேக் விளக்கு எரிந்தது. வசந்தாமணியும் பிரேக்கை மிதித்தாள். அவ்வளவுதான். வேன் கூரையில் இருந்த இரண்டடிப் பனி மொத்தமும் ஒரே பாளமாகச் சரிந்து முன்கண்ணாடியில் விழுந்தது. உலகமே இருண்டது. வைப்பர் ஒரு முறை முனகி நின்றுவிட்டது. வேன் பக்கவாட்டில் வழுக்குவது அவள் இடுப்பில் தெரிந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். வேன் சுவரில் உரசி நின்றது. பின்னால் ஒரு லாரியின் ஹார்ன் நீளமாக அலறி, விலகிப் போயிற்று.

"இதுக்குத்தான் லேடீஸ் கையில வண்டியைக் குடுக்கக் கூடாதுங்கறது!" என்று சார் கத்தினார்.

வசந்தாமணி இறங்கி, வெறுங்கையால் கண்ணாடியில் இருந்த பனியை வாரி வாரி ரோட்டில் எறிந்தாள். இன்னொரு பக்கம் நாகமணி வாரினாள். குழந்தையை நஞ்சுண்டன் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் உள்ளிருந்து விரலால் கண்ணாடியில் ஓர் இடத்தைக் காட்டினார். இங்கே இன்னும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ப்ரியாவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சாருக்கும் ஒரு மாஸ்க். இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்புறம் ஒரு நர்ஸ் அட்டையும் பேனாவுமாக வந்து, எப்படி நடந்தது, வண்டியில் குழந்தையோடு யார் இருந்தது என்று கேட்டாள்.

சார் மாஸ்க்கை இறக்கினார். அவர் இங்கிலீஷ் எப்போதும் சுத்தமானது. பெண்கள் இரண்டு பேரும் பனியை அள்ளிக்கொண்டிருந்தார்கள், சைலன்சரைத் திறக்கச் சொல்லியிருந்தேன், மறந்துவிட்டார்கள், பாவம், அவர்களுக்கு இந்த ஊர் பழக்கமில்லை என்றார். நஞ்சுண்டன் பக்கம் திரும்பி, "இஸின்ட் இட்?" என்றார்.

நஞ்சுண்டன் தரையைப் பார்த்தான். "யெஸ்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் வசந்தாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. சாரின் நகத்துண்டு, சாக்ஸ், சிகரெட் கூழ் எல்லாவற்றையும்விட இது அசிங்கமாக இருந்தது. அவர் பாத்ரூமை எப்படி வைத்தால் என்ன? அவர் இன்றைக்குப் போய்விடுவார். ஆனால் யெஸ் சொன்ன இந்த ஆளோடு அவள் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும்.

"நோ" என்றாள். "அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. எஞ்சினைப் போட்டவர் அவர். குழந்தையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியவரும் அவர். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான்." இங்கிலீஷில்தான் சொன்னாள். வகுப்பில் நின்று பேசுகிற குரல் அவளுக்குத் திரும்ப வந்திருந்தது.

நர்ஸ் நாகமணியைப் பார்த்தாள். நாகமணி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் புருஷனைப் பார்க்காமல், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். "ஹி இன்சைட். வீ அவுட்சைட்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் ப்ரியாவை அனுப்பிவிட்டார்கள். ஒரு சோஷியல் வொர்க்கர் வந்து சாரிடமும் நாகமணியிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டுப் போனாள். பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சார் பயந்த மாதிரி போலீஸ் வரவில்லை. நாகமணியின் பெரியம்மா மகன் வந்து அதே வேனில் அவர்களை பிரிட்ஜ்வாட்டருக்கு அழைத்துப்போனான். சார் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏறினார்.

டாக்சியில் வீட்டுக்கு வந்ததும் நஞ்சுண்டன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "சார் மூஞ்சியைப் பார்த்தியா? அவருக்கு எவ்வளவு இன்சல்ட்டா இருந்திருக்கும்? ஃபைல் அவர் டேபிள்ல இருக்கு வசந்தா. நான் என்ன பண்ண முடியும், சொல்லு?"

"பாப்பா செத்திருந்தாலும் யெஸ்னுதான் சொல்லியிருப்பீங்களா?"

"என்ன பேச்சு இது?"

"கேக்கறேன். சொல்லுங்க."

அவன் டிவியைப் போட்டான்.

அந்த வாரக் கடைசியில் நாகமணி ஃபோன் பண்ணினாள். ப்ரியா நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். "அவரு என்கிட்ட பேசறதில்ல வசந்தா. அன்னிலேர்ந்து ஒரு வார்த்தை இல்ல" என்றவள் குரலைத் தாழ்த்தி, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

சார் ஃபைலைக் கிழித்துப் போடவில்லை. கையெழுத்தும் போடவில்லை. ஆபீஸில் எப்போதும்போல, "நஞ்சுண்டா, காபி?" என்று கூப்பிட்டார். பொங்கல் முடிந்த சனிக்கிழமை தன் வீட்டில் எல்லோருக்கும் கெட்-டுகெதர் என்றார். நஞ்சுண்டனையும் கூப்பிட்டார், குடும்பத்தோடு. நஞ்சுண்டனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பார்த்தியா, அவரு மனசுல ஒண்ணும் வச்சுக்கல. பெரிய மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே புதுச் சட்டையை அயர்ன் பண்ணினான்.

வசந்தாமணி வரவில்லை என்றாள். அவன் கெஞ்சினான், கோபப்பட்டான், கடைசியில் தனியாகப் போனான். பொழுது சாயுமுன் திரும்பி வந்தவன், சார் வீட்டிலிருந்து அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான்.

"எல்லாரும் உன்னைக் கேட்டாங்க. சாரும் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உடம்பு சரியில்லைன்னு சொன்னேன்."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள் வசந்தாமணி. பொட்டலத்தை அவன் பக்கமே தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.